இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள்: ஏடும் கையொப்பமும்

தொல்காப்பியப் பொருளதிகாரமும், கலித்தொகையும், இறையனாரகப்பொருளுரையும் இன்று அச்சுப் புத்தகங்களாய் நம் கையில் இருக்கின்றன. மாணாக்கன் ஒருவன் நூல்நிலையத்திற் சென்று கேட்டால் அவற்றை உடனே எடுத்துக் கொடுக்கின்றார்கள். ஏட்டிற் கிடந்த அவற்றை அச்சில் ஏற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் என்பது கற்றோர் அறிந்ததே. அவர்களுடைய கல்வித் திறத்தைப் பற்றியும் பதிப்புத் தொண்டைப் பற்றியும் பலர் பலகாலும் எழுதியிருக்கின்றனர். ஆயின், அப்பதிப்புக்களுக்கு வேண்டிய காகிதத்துக்கும், அச்சுக்கூலிக்கும், ஏடெழுதுவோர் கூலிக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தவர் மிகச் சிலர். சங்கமென்றும் சபையென்றும் பெயரிட்டுக் கல்விப்பணி செய்யப் புகுவார் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் கதவு அதுவே. ஆதலின் பிள்ளையவர்களது சரித்திரத்தை அந்த வாயிலால் உட்புகுந்து சொல்ல முயல்கின்றோம்.

பிள்ளையவர்கள் 1832-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12-ஆந் தேதி, வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவியம்மைக்கும் மகவாகத் தோன்றினார்கள். முதலிலே தந்தையாரிடமும், பின்பு சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடமும் தமிழ் கற்றார்கள். ஆங்கிலக் கல்வி தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், அதன்மேல் வட்டுக்கோட்டைச் செமினறியிலும் நிகழ்ந்தது. 1823-இல் தொடங்கி 1855-இல் மூடப்பட்ட அச்செமினறி கிறிஸ்து சமயத்தைப் பரப்புவதற்கென்றே ஏற்பட்டது. எனினும் கணிதமும் வானசாஸ்திரமும் தமிழும் அங்கே செவ்வையாகக் கற்பிக்கப்பட்டன. மிஷன் பாடசாலையிற் படித்துச் சைவராய் நின்றவர் நம்மிற் பலருளர். அப்பாடசாலைகள் தந்த ஒழுங்கையும் கணக்கறிவையும் நன்றியோடு ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கொன்றுமில்லை. பிள்ளையவர்கள் அவ்விரண்டையும் நிரம்பப் பெற்றவர்கள்.

படிப்பு முடிந்தபின் கோப்பாயிலே உபாத்தியாயராய்ச் சிலகாலம் இருந்து, 1854-இல் நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயது இருபத்திரண்டளவே. முன்னர் யாழ்ப்பாணத்தில் ஆறுமுகநாவலரவர்களுக்கு ஆசிரியராய் இருந்தவரும், பின்பு சென்னைக்குப் போனவருமாகிய பேர்சிவல் பாதிரியார் பிள்ளையவர்களை அங்கே அழைத்துத் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தும் வேலையைக் கொடுத்தார். சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் ஸ்தாபிக்கப்பட்டபோது, அதன் முதற் பி. ஏ. பரீட்சையிலே தேறியோர் இருவர். ஒருவர் பிள்ளையவர்கள்; மற்றவர் அவர்களுக்குச் செமினறியிலே கற்பித்த விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே பரீட்சைக்கு ஒருங்கே சென்று ஒருங்கே தேறிய செய்தி இன்றும் கேட்போர்க்கு இன்பந் தருவதாம்.

கள்ளிக்கோட்டையிலே சிலகாலம் ஆசிரியராய் இருந்தபின், சென்னை அரசாங்கத்து வரவுசெலவுக் கணக்குச் சாலையிலே அமர்ந்து, விசாரணைக் கர்த்தர் என்னும் பதவிவரை உயர்ந்தார்கள். இங்கே சிறிது நிற்றல் வேண்டும். புலவர் என்றால் பணத்தின் கணக்கறியாதவர் என்றும், கணக்கர் என்றால் பாட்டின் சுவையறியாதவர் என்றும் நம்மவர் எண்ணுவதுண்டு. பிள்ளையவர்களோ பகலெல்லாம் அரசாங்கத்தின் வரவையும் செலவையும் ஒத்துப் பார்த்து, ஒரு காசு பிசகினும் காரணங் கேட்கும் தொழிலில் இருந்தவர்கள். இரவிலே ஏடுகளை ஒத்துப் பார்த்து, ஓரெழுத்துப் பிசகினும் காரணந் தேடினார்கள். இரண்டும் ஒரே பழக்கத்தின் இரு கிளைகள் என்றே எமக்குத் தோன்றுகின்றது. இன்னுமொன்று: நூற்பதிப்பிலே தமக்கு நட்டம் வரும் என்பதை அறியாமல் அவர்கள் அதிற் புகவில்லை. கணக்குச் சாலையில் இருந்த ஒருவர்க்கு அது முதற் பக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

அக்காலத்திலே ஒரு தமிழ்நூலை அச்சிடப் பணஞ் சேர்க்கும் வழிகள் இரண்டு. ஒன்று, பிரபு ஒருவரோ ஆதீனம் ஒன்றோ செலவேற்றல். நாவலரவர்கள் திருக்குறட் பரிமேலழகருரை முதலிய சில நூல்களை இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவருடைய உதவியைக் கொண்டு அச்சிட்டது இவ்வழி. மற்றொன்று, கையொப்ப முறை. பதிப்பிப்பவர் ஒரு விஞ்ஞாபனத்தை அச்சிட்டு ஊரூராக அனுப்புவார். இன்ன நூல், இத்தனை பக்கம், முன்னரே கையொப்பஞ் செய்வார்க்கு இன்ன விலை, பின்னர் வாங்குவார்க்கு இன்ன விலை என்று அதிற் கண்டிருக்கும். விருப்பமுடையார் தத்தம் பெயரையும் வேண்டிய பிரதிகளின் தொகையையும் எழுதிக் கையொப்பமிடுவர். சிலர் முன்பணங் கொடுப்பர். பலர் புத்தகம் வந்தபின் தருவோமென்பர். இக்காலத்திலே சபைகளிற் சந்தாப் பணங் கட்டும் அங்கத்தவர்களைப் போன்றவரே அக்கையொப்பக்காரர். சபையென்று பெயரில்லாத ஒரு சபை அது. அதற்குக் காரியதரிசியும், தனாதிகாரியும், ஏவலாளும் பதிப்பாசிரியர் ஒருவரே.

கையொப்பமிட்டவர் எல்லாரும் பணங் கொடுத்தாரென்று நினைத்துவிடல் வேண்டா. கையெழுத்து மையினால் ஆவது; பணம் மனத்தினால் ஆவது. புத்தகம் முடியுமுன் இறந்தவருளர், ஊர்மாறிப் போனவருளர், வாங்கிக்கொண்டு மறந்தவருமுளர். ஒவ்வொருவர்க்கும் நினைப்பூட்டுக் கடிதம் எழுதல் வேண்டும். கடிதத்திலே கடுமை மிகுந்தால் ஓரன்பரை இழக்க நேரும். மென்மை மிகுந்தால் பணத்தை இழக்க நேரும். பணத்தை அனுப்புவதுதானும் எளிதாயிருக்கவில்லை. இந்தியாவிலே மணியோடர் முறை தபாற்பகுதியாரால் ஏற்பட்டது 1880-இலேதான். அதற்கு முன் உண்டியலாலோ, ஆள்வசமோ, வியாபாரிகளின் தயவாலோ பணம் வரல்வேண்டும். யாழ்ப்பாணத்தினின்றும் சென்னைக்கு நடுவிலே கடலும் உண்டு.

இதனை நாம் எழுதும்போது ஏட்டுச் சுரைக்காயாக எழுதவில்லை. எங்கள் நானாட்டான் பகுதியிலே கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் செய்வோர், தண்ணீர் திறக்குமுன் வாய்க்காலைத் துப்புரவு செய்ய ஆளனுப்புவர். அனுப்பாதவனை அயல்வயற்காரன் வரம்பிலே நின்று கேட்டுவிடுவான். அங்கே நினைப்பூட்டுக் கடிதம் வேண்டியதில்லை. ஆயின் கல்விச் சபைக்குச் சந்தாக் கட்டாதவனை எந்த வரம்பிலே நின்று எவன் கேட்பான்? சிறிய சபையொன்றிலே சில ஆண்டு தனாதிகாரியாய் இருந்து பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவனாதலின், கூட்டத்திலே முன்வரிசையில் இருந்து கைதட்டுவோரின் பெயர்களே நிலுவைப் பட்டியலிலும் முன்வரிசையில் நிற்பதை யான் கண்டிருக்கின்றேன். வாய்க்காலிற் புல் முளைத்தால் அந்தப் போகத்திலேயே பயிர் வாடும். ஏட்டிற் பூச்சி விழுந்தாலோ, இழப்பு இரண்டு தலைமுறை கழித்தே தெரியும்.

இக்குறை தமிழர்க்கே உரியதென்று சிலர் நாணுவர். ஐரோப்பாவின் தலைசிறந்த கல்விச் சங்கமாகிய இலண்டன் றோயல் சொசைட்டியின் வரலாற்றை அவர்கள் பார்ப்பாராக. 1660-இலே தொடங்கிய அச்சங்கத்திலே அங்கத்தவர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு ஷில்லிங் கட்டல் வேண்டும் என்பது விதி. பிரபுக்களும் பண்டிதர்களும் பெருந்தொகை நிலுவை வைத்தார்கள். ஐசாக் நியூற்றன் 1673-இலே தாம் இலண்டனுக்குத் தொலைவில் இருத்தலைக் காட்டி விலகிக்கொள்ள விரும்பினார். காரியதரிசியாகிய ஒல்டன்பேர்க் அந்த வாரப்பணத்தை நீக்கித் தருவதாக எழுதி அவரைத் தடுத்தார். 1675-இலே சங்கம் அதனை நியூற்றனுக்கு விட்டுக்கொடுத்தது. ஒரு ஷில்லிங்குக்காக உலகப் பேரறிஞர் ஒருவரை இழக்க இருந்த சங்கம் அது.

அதனினும் விநோதம் பின்பு நிகழ்ந்தது. நியூற்றன் தமது பிரின்சிப்பியா என்னும் பெருநூலை எழுதிக் கொடுத்தபோது, சங்கத்திலே அதனை அச்சிடப் பணமில்லை. கையிலிருந்த பணமெல்லாம் 1686-இலே மீன்களைப் பற்றிய ஒரு படப்புத்தகத்துக்குச் செலவாகிவிட்டது, அப்புத்தகமோ விற்கவில்லை. சங்கத்தின் எழுத்தராய் இருந்த எட்மண்ட் ஹாலி தமது கைப்பொருளைக் கொடுத்து 1687-இலே பிரின்சிப்பியாவை அச்சிடுவித்தார். அவருக்குச் சேரவேண்டிய சம்பளத்துக்கு ஈடாகச் சங்கத்தார் கொடுத்தவை விற்காத அம்மீன்நூற் பிரதிகளே. வால்வெள்ளியால் பெயர்பெற்ற அந்த ஹாலியையும் நம் சிறுப்பிட்டிப் பிள்ளையவர்களையும் ஒருங்கு நினைக்குந்தோறும், தேசம் வேறு, சமயம் வேறு, நூல் வேறாயினும் மனப்போக்கு ஒன்றே என்று எமக்குத் தோன்றும். ஒரு வேற்றுமை உண்டு. ஹாலிக்குப் பின்னே, வறிதாயினும், ஒரு சங்கம் இருந்தது. பிள்ளையவர்களுக்கு அதுவும் இல்லை.

1868-இலே தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் பிள்ளையவர்களால் வெளிவந்தது. அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர்கள் நாவலரவர்கள். நாவலரவர்கள் 1879-இலே சிவபதமடைந்தபின், யாழ்ப்பாணத்தவருள் அப்பாரத்தைத் தாங்குவார் யாரென்ற நிலை வந்தது. அதற்கிடையே 1871-இலே பி. எல். பரீட்சையிலும் தேறியிருந்த பிள்ளையவர்கள், 1881-இலே வீரசோழியத்தை வெளியிட்டு, 1882-இலே உத்தியோகத்தினின்றும் இளைப்பாறினார்கள். மாதச் சம்பளம் நின்று உபகாரச் சம்பளம் மாத்திரம் வரத்தொடங்கிய பின்பே பதிப்புக்கள் பெருகின என்பது கவனிக்கத்தக்கது. 1883-இலே இறையனாரகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-இலே தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887-இலே கலித்தொகையும், 1889-இலே இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891-இலே எழுத்ததிகார நச்சினார்க்கினியமும், 1892-இலே சொல்லதிகார நச்சினார்க்கினியமும் வந்தன. செலவுக்கு வழிதேடிக் கும்பகோணத்திலே வக்கீலாய் இருந்தார்கள். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையிலே நியாயாதிபதியாய் இருந்தார்கள். வழக்காடிப் பெற்ற பணம் ஏடாடிச் செலவாயிற்று எனலாம்.

இந்நூல்களின் பட்டியலை மறுபடி ஒருமுறை நோக்குக. வீரசோழியம் புத்தமித்திரர் செய்தது. சூளாமணி சமண காவியம். பொருளதிகாரமும் கலித்தொகையும் கற்க வல்லார் அக்காலத்திலே மிகச் சிலர். சைவப் பிரபுவினிடம் சென்று புராணம் அச்சிடவென்று கேட்டால் புண்ணியம் என்று கொடுப்பார். புத்தருடைய இலக்கணத்தை அச்சிடவென்று கேட்டால் முகம் திருப்புவார். சைவ மகத்துவம் என்னும் நூலைத் தாமே இயற்றிய பிள்ளையவர்கள், பிறசமயத்தார் நூலாயினும் தமிழாயின் அழியவிடலாகாது என்று துணிந்தார்கள். கையொப்பஞ் சேராமைக்கு அத்துணிவும் ஒரு காரணமாம். அதனை நாம் குறையாகக் கூறவில்லை.

பதிப்பித்த நூல்களுக்கு அவர்கள் எழுதிய பதிப்புரைகளை வாசித்தவர்களுக்கு ஒன்று விளங்கும். அவை இலக்கண ஆராய்ச்சியாய்த் தொடங்கி, இடையிடையே தனாதிகாரி ஒருவர் அங்கத்தவர்களுக்கு எழுதும் கடிதங்களாய் மாறிவிடும். ஏடுகள் எடுக்கும்போதே ஒடிந்து உதிர்வதையும், வருஷந்தோறும் பிரதிகள் குறைந்து போவதையும், தம்மிடம் பெருஞ்செல்வம் இல்லாமையையும், தமிழர் இதனைத் தம் பொதுக்கடனாக எண்ணாமையையும் அவற்றிலே எடுத்துரைக்கின்றார்கள். தம்மினும் வல்லார் எவரேனும் முன்வந்தால் தாம் ஒதுங்கிக்கொள்ள ஆயத்தம் என்றும், எவரும் வாராமையினாலேயே தாம் புகுந்ததென்றும், பிழையுண்டாயின் வரும் இகழ்ச்சியைத் தாமே ஏற்பதாகவும் அவர்கள் கருத்து. இரக்கும் குரலும் கணக்குக் காட்டும் குரலும் அவற்றிலே கலந்து ஒலிக்கின்றன. பிறருக்காகப் பணங் கேட்பதினும் நூலுக்காகப் பணங் கேட்பது கடினம். நூலுக்கு வயிறு இல்லையன்றோ?

இகழ்ச்சியும் வராமலிருக்கவில்லை. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரையென்றே 1885-இலே வெளியிட்டார்கள். அதன் பிற்பகுதியிலுள்ள இயல்களின் உரை பேராசிரியருடையதென்று இரா. இராகவையங்கார் அவர்கள் பின்னாளிலே செந்தமிழ்ப் பத்திரிகையில் ஆராய்ந்து காட்டினார்கள். பிழையே, மறைப்பதற்கில்லை. ஆயினும் அச்சிலே வந்து பலர் கைக்கும் எட்டியமையாலேயே அப்பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஏட்டிலே கிடந்திருந்தால் பிழையுமில்லை, ஆராய்ச்சியுமில்லை, சிலகாலத்திலே நூலுமில்லை.

கும்பகோணத்திலே இருந்த காலத்தில், அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியராகிய உ. வே. சாமிநாதையரவர்களோடு பிள்ளையவர்களுக்குப் பழக்கம் உண்டாயிற்று. ஐயரவர்கள் சீவகசிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதனைத் தாம் பதிப்பிக்க விரும்பிப் பிள்ளையவர்கள் ஐயரவர்களுடைய பிரதியைக் கேட்டதும், ஐயரவர்கள் கொடாது தாமே 1887-இலே பதிப்பித்ததும் ஐயரவர்களின் சுயசரித்திரத்தாலே பலரும் அறிந்தவை. இதனைப் பொறாமைக் கதையாக்கிச் சுவைப்பாரும் உளர். எமக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சிட்டு அச்சிட்டுப் பழகிய ஒருவர், அச்சேறாத நூலொன்றைக் கண்டால் விடமாட்டார். உழைத்து உழைத்துப் பொருள் கண்ட ஒருவர், தம் உழைப்பை மற்றொருவர் கையிற் கொடுக்கமாட்டார். இருவர் செய்கையும் இயல்பே. ஐயரவர்களும் கையொப்பஞ் சேர்த்தே அந்நூலை முடித்தார்கள். சங்கம் ஒன்று இருந்து, இன்னார்க்கு இன்ன நூல் என்று பகுத்துச் செலவையும் ஏற்றிருந்தால், இவ்விருவரும் ஒரே வாயிலிலே வந்து முட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் நேர்ந்திராது.

கோயிற்பணி என்றால் நம்மவர் கை இளகும். அதுவும் உடனே இளகுவதில்லை. நாவலரவர்கள் 1872-இலே யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரத்தில் நமது திருக்கேதீச்சரம் காடாய்க் கிடப்பதை எடுத்துக் காட்டினார்கள். சைவர்கள் பணங்கொடுத்து அந்நிலத்தை ஏலத்தில் வாங்கியது 1893-இலே. இடையிலே இருபத்தொரு வருஷங்கள். கோயிலுக்கே இத்தனை காலம் ஆயின், கறையானுக்கு இரையாகும் ஏட்டுக்கு யார் விரைந்து கொடுப்பார்?

தம் செலவை ஏட்டோடு நிறுத்திக்கொள்ளவும் பிள்ளையவர்களுக்கு மனம் வரவில்லை. 1876-இலே ஏழாலையில் ஒரு சைவ வித்தியாசாலையை ஏற்படுத்தினார்கள். பின்னாளிலே பெரும்புலவராய் விளங்கிய சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அங்கே கற்பித்தவருள் ஒருவர். சென்னையிலே இருந்துகொண்டு கடல்கடந்த ஊரிலே பாடசாலை நடத்துவதென்றால், அதற்கும் எத்தனை கடிதங்கள் எழுத நேர்ந்திருக்கும் என்பதை உபாத்திமைத் தொழிலிலே இருப்போர் அறிவர்.

1895-இலே அரசாங்கத்தார் இராவ்பகதூர் என்னும் பட்டத்தை அளித்தனர். 1901-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் தேதி சென்னையிலே பிள்ளையவர்கள் சிவபதமடைந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே பாண்டித்துரைத் தேவரவர்கள் மதுரைத் தமிழ்ச்சங்கத்தைத் தாபித்தார்கள். பாடசாலை, புத்தகசாலை, அச்சுக்கூடம், செந்தமிழ்ப் பத்திரிகை எல்லாம் அச்சங்கத்திலே அமைந்தன. முப்பது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளையவர்கள் தனியொருவராய் நின்று சுமந்த சுமைக்கு ஒரு தோள் கிடைத்தது, அவர்கள் போய் எட்டரை மாதங் கழித்து.

1981-இலே யாழ்ப்பாணத்துப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 புத்தகங்களும், அவற்றோடு ஏடுகளும் சாம்பலாயின. ஏடுகளிற் பல திரும்ப வரவில்லை. பிள்ளையவர்களின் பதிப்புக்களோ சென்னையிலும் இலண்டனிலும் பிற இடங்களிலும் இருந்தமையால் பிழைத்தன; இன்று அவற்றைக் கணினிவழியே நானாட்டானில் இருந்தே பார்க்கக் கூடும். பணங் கட்டிய கையொப்பக்காரர் ஒவ்வொருவரும் தம்மையறியாமலே ஒவ்வொரு பிரதியைக் காப்புக்கு வைத்தவராயினர்.

பிள்ளையவர்களின் குமாரருள் ஒருவராகிய அழகசுந்தரம் என்பவர் கிறிஸ்து சமயம் புகுந்து, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரோடு போதகரானார். தந்தையார் மிஷன் பாடசாலையிற் படித்துச் சைவராய் நின்றார். மைந்தரோ சைவ வீட்டிற் பிறந்து கிறிஸ்தவரானார். ஆயினும் தமிழை அவர் விட்டாரல்லர். பிலிப்ஸ் என்னும் பாதிரியாரோடு கூடி, தேவாரத்தினின்றும் திருவாசகத்தினின்றும் பாடல்களைத் தெரிந்தெடுத்து ஆங்கிலத்திலே மொழிபெயர்த்து 1921-இலே வெளியிட்டார். சைவத் திருமுறைகளை ஆங்கிலங் கற்ற உலகம் அறிந்துகொண்டதற்கு அச்சிறு புத்தகமும் ஒரு வாயில். அதனை அச்சிடப் பணங் கொடுத்தவர் சைவரல்லர்.